ஹிப்பிகள் விட்டுச்சென்றவை: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவர்): எல்.எஸ்.டி. ஹிப்பிகளின் கண்டுபிடிப்பா?

பதில்: இல்லை. ஹிப்பிகள் 1960-களில் அன்பு, அமைதி என்று பேசி வழக்கமான வாழ்க்கை முறையை உதறிய இளைஞர்கள்; மனத்தை மாற்றும் போதைப்பொருளான எல்.எஸ்.டி. அவர்களுக்கு முந்தியது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சாண்டோஸ் நிறுவன வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938-இல் அதைத் தயாரித்தார். 1943 ஏப்ரல் 19 அன்று 250 மைக்ரோகிராமைத் தாமே உட்கொண்டு, உதவியாளர் துணையுடன் சைக்கிளில் வீடு திரும்பினார். பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி அவர் கண்ணுக்குச் சூனியக்காரியாகத் தெரிந்தார்.

கேள்வி (செவிலியர்): ஹிப்பிகளின் இலட்சியங்களில் இன்றும் பயன்படுவது எது?

பதில்: பூவும் பாட்டும் என்று பலர் சொல்வார்கள், நான் இலவச மருத்துவமனையைச் சொல்வேன். 1967 கோடையில் சான் பிரான்சிஸ்கோவின் ஹைட்-ஆஷ்பரி பகுதியில் இளைஞர்கள் வந்து குவிந்தபோது, டேவிட் ஸ்மித் என்ற மருத்துவர், மருத்துவம் சலுகையன்று, உரிமை என்ற கொள்கையுடன் அங்கே ஒன்றைத் திறந்தார். எல்.எஸ்.டி. உட்கொண்டு அஞ்சி நடுங்கியவர்களை அதட்டாமல், அமைதியான அறையில் அமர்த்தி, ஒருவர் அருகிலிருந்து மெல்லப் பேசித் தேற்றுவது அங்கே வழக்கம். அதே வட்டாரத்தில் டிக்கர்கள் என்ற குழுவினர் பூங்காவில் இலவசமாக உணவு வழங்கினர். வாங்க வருபவர்கள் ஒரு பெரிய மரச்சட்டத்தின் வழியே நுழைந்து வரவேண்டும், அவ்வளவுதான். (ஊடக ஆரவாரம் சகியாமல், அவ்வாண்டு அக்டோபர் 6 அன்று ‘ஹிப்பி’க்குப் பாடை கட்டி ஊர்வலமும் போனார்கள்!)

கேள்வி (உளவியல் ஆய்வாளர்): இத்தகைய போதைப்பொருள்கள் பற்றிய இன்றைய ஆய்வுகளுக்கும் அந்த மருத்துவமனைக்கும் தொடர்பு உண்டா?

பதில்: அருகிருந்து தேற்றும் அந்தப் பழக்கம்தான் தொடர்பு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2006-இல் வெளியிட்ட சைலோசைபின் (சில காளான்களில் உள்ள, எல்.எஸ்.டி. போல மனத்தை மாற்றும் பொருள்) ஆய்வில், பங்கேற்றவர்களை முன்கூட்டியே பேசித் தயார்ப்படுத்தி, கண்களை மறைத்து, இசை கேட்கச் செய்து, கண்காணிப்பாளர் உடனிருந்தார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தம் வாழ்வின் மிகப் பொருள்மிக்க ஐந்து அனுபவங்களுள் ஒன்றாக அதைக் குறிப்பிட்டனர். ஆனால் மூன்றில் ஒரு பங்கினரைக் கடும் அச்சமும் பிடித்தது. துணையில்லாத அறையில் அந்த அச்சம் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை): இந்தப் போதைப்பொருள் மோகத்தால் யாருக்கேனும் கேடு நேர்ந்ததா?

பதில்: மெக்சிகோவின் ஹுவாட்லா ஊரில் மரியா சபினா என்ற மசாடெக் இனப் பெண், நோய் தீர்க்க அத்தகைய காளானைக் கொண்டு சடங்கு நடத்திவந்தார். அதில் 1955-இல் கலந்துகொண்ட அமெரிக்க வங்கியாளர் கார்டன் வாசன் 1957-இல் ஓர் அமெரிக்க இதழில் அதைப் பற்றி எழுதினார். பிறகு வெளியூர்க் கூட்டம் அலைமோதியது, ஊரார் பழியைச் சபினாமீது சுமத்தினர், அவர் வீடும் தீக்கிரையானது. அன்பையும் அமைதியையும் பேசிய தலைமுறை இந்தக் கணக்கை எழுதிவைக்கவே இல்லை.

கேள்வி (மாணவரே மீண்டும்): இவற்றை வீட்டில் முயன்று பார்க்கலாமா?

பதில்: கூடாது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி அது குற்றம்; குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களை ஆய்வாளர்களே சேர்த்துக்கொள்வதில்லை.