தூளியில் தொலையும் நிப்பிள்

கேள்வி: அக்கா, என் மகனுக்கு ஏழு மாதம். ரப்பர் நிப்பிள் வாயில் இருந்தால்தான் தூங்குகிறான். விழுந்துவிட்டால் வீறிட்டு அழுகிறான். ராத்திரி ஐந்தாறு தடவை எழுந்து வைக்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். தானாகவே எடுத்து வைத்துக்கொள்ளப் பழக்க முடியுமா?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: முடியும் தாயி. பிள்ளைக்குக் கை பழகுகிற வயசுதான் இது. ஆனால் அவன் தூங்குவது தூளியிலா? நீ எழுதவில்லை, நம்ம பக்கம் பெரும்பாலும் அப்படித்தான். தூளியில் கிடந்தால் இது நடக்காது. சேலை இரண்டு பக்கமும் கையை ஒடுக்கிவிடும். விழுந்த நிப்பிள் முதுகுக்கு அடியில் போய்விடும். என் மூத்தவளுக்கு விளக்கைப் போட்டு மடிப்பு மடிப்பாகத் தேடியிருக்கிறேன். கிடைப்பதற்குள் தெருவே விழித்துவிடும். தனிப் பாயில், தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைத்த பிறகுதான் எனக்கு விடிந்தது.

பகலில் தொடங்கு. நிப்பிளை வாயில் வைக்காதே, கையில் கொடு. தலைகீழாகக் கடிப்பான், மூக்கில் இடித்துக்கொள்வான், விட்டுவிடு. ராத்திரி அழுதால் அவன் கையைப் பிடித்து நிப்பிள்மேல் கொண்டுபோய் வை. மீதியை அவன் பார்த்துக்கொள்வான். ஒரே மாதிரி மூன்று நான்கு வாங்கித் தலைமாட்டில் போட்டுவை, எந்தப் பக்கம் துழாவினாலும் ஒன்று தட்டுப்படும். தூக்கத்தில் தானாக விழுந்து, அவனும் அசையாமல் கிடந்தால் திரும்ப வைக்கவே வேண்டாம். நாமேதான் பாதி நேரம் எழுப்பிவிடுகிறோம்! பசித்து அழுகிறானா என்றும் பார். பசிக்குப் பால்தான்.

தொலையாமல் இருக்கட்டும் என்று கயிறு கட்டிக் கழுத்திலோ சட்டையிலோ மாட்டாதே, தூக்கத்தில் சுற்றிக்கொள்ளும். தேனில் தொட்டு வைக்கச் சொல்வார்கள். ஒரு வயசுக்கு முன் தேனே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் குடலில் நஞ்சாகும். பல் முளைத்திருந்தால் தினமும் ரப்பரை இழுத்துப் பார். கீறல் விட்டிருந்தால் தூக்கிப்போடு, துண்டு தொண்டையில் சிக்கும். நம்ம ஊர் மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நன்றாகக் கழுவாமல் கொடுக்காதே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் கரையில்தானே இருப்பார்? அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் படகு போகாத ராத்திரியில் ஆரம்பி. அன்றைக்குப் பிள்ளையின் பாய்க்குப் பக்கத்தில் அவர் பாயைப் போடட்டும், நீ தள்ளிப் படு. பால் வாசனை பக்கத்தில் இருந்தால் அவன் நிப்பிளை எங்கே தேடப் போகிறான், உன்னைத்தான் தேடுவான்.