பந்தயக் கதவு பூட்டிய கார்: கராஜின் பொறுப்பும் உரிமையாளரின் பொறுப்பும்

கேள்வி: கொக்குவிலைச் சேர்ந்த வாசகர் ஒருவர், தமது மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் பாரத்தைக் குறைப்பதற்காக, முன்கதவுகள் இரண்டையும் கழற்றிவிட்டு காபன் ஃபைபர் கதவுகளைப் பூட்டுமாறு யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு கராஜிடம் கொடுத்திருக்கிறார். ஜனவரி 20 ஆம் திகதி 420,000 ரூபாய் செலுத்திப் பில் பெற்றார். 29 ஆம் திகதி கார் கைக்கு வந்தது. "கொம்பனிக் கதவைவிட இது ஸ்ட்ரோங்" என்று கராஜ் உரிமையாளர் வட்ஸ்அப்பில் எழுதியும் இருக்கிறார். மார்ச் மாதத்தில் திருநெல்வேலிச் சந்தையடியில் ஓட்டோ ஒன்று பின்னுக்கு வந்து இடது கதவில் முட்ட, கதவு வெடித்துப் பிளந்தது. பிளவுக்குள் குறுக்குச் சட்டம் எதுவும் இல்லை. கராஜில் கேட்டபோது, பில்லின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த "பந்தயத் திடல் பாவனைக்கு மட்டும், பொறுப்பேற்கப்படமாட்டாது" என்ற வரியைக் காட்டியிருக்கிறார்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு அவர் இன்னும் எதுவும் அறிவிக்கவில்லை. தங்கையைத் தினமும் பல்கலைக்கழகத்தில் இறக்குவதும் இந்தக் காரில்தான். பணத்தைத் திரும்பப் பெறலாமா, உடைந்ததை ஒட்டிக்கொண்டு தொடர்ந்து ஓடலாமா என்று கேட்கிறார்.

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் நாளை காலையிலேயே நீங்கள் அந்தக் காரை எடுக்கக்கூடும். எடுக்க வேண்டாம். ஒட்டிய இடது கதவு மட்டுமல்ல, உடையாமல் இருக்கும் வலது கதவும் நம்பத்தக்கதல்ல.

நீங்கள் அனுப்பிய படங்களை ஆறுதலாகப் பார்த்தேன். கறுப்புப் பின்னலாகத் தெரியும் காபன் மேலே ஒரே ஒரு படைதான். அதற்குக் கீழே வெள்ளைக் கண்ணாடி நார் விரிப்பும் மஞ்சள் ஓடிய ரெசினும் இருக்கின்றன. பிணைச்சல் பூட்டிய இடத்தில் உலோகத் தகடு வைக்கப்படவில்லை. ஆணி இறுகிய துளை இரண்டு மாதத்துக்குள்ளேயே நீள்வட்டமாக இழுபட்டிருக்கிறது.

நாரால் செய்த கதவு என்பதற்காகவே அது ஆபத்தானது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் செவ்ரோலெட் கோர்வெட் 1953 முதல் ஃபைபர்கிளாஸ் உடலுடன்தான் வந்தது. ஆனால் பக்கக் கதவின் வலிமை பற்றிய 214 ஆம் இலக்கத் தரநிலை அந்த நாட்டில் 1973 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தபோது, கோர்வெட்டின் கதவுக்குள்ளும் உருக்குச் சட்டம் வைக்கப்பட்டது. கதவு முதல் 6 அங்குலம் உள்ளே நசியும்வரை சராசரியாக 2,250 இறாத்தல் விசையை எதிர்த்து நிற்க வேண்டும் என்று அந்தத் தரநிலை கேட்டது. ஐக்கிய நாடுகளின் 95 ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதியிலோ, 950 கிலோகிராம் நிறையுள்ள வண்டி ஒன்றை மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் காரின் பக்கத்தில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். மோதும் விசையைப் பிணைச்சலுக்கும் பூட்டுக்கும் கடத்துவது கதவின் உள்ளே இருக்கும் சட்டம். அது இல்லாத மெல்லிய நார்த்தகடு ஓரளவுக்கு வளைந்து கொடுத்துவிட்டு, பிறகு கூரான துண்டுகளாக உடைந்து ஆசனத்தை நோக்கி வரும்.

உங்கள் காரின் அமைப்பு நிலைமையை இன்னும் பாரதூரமாக்குகிறது. ஆர்எக்ஸ்-8 இல் முன், பின் கதவுகளுக்கு இடையே நிலையான நடுத்தூண் கிடையாது. எதிர்ப்பக்கமாகத் திறக்கும் சிறிய பின்கதவுக்குள் இருக்கும் பலப்படுத்தலே தூணின் வேலையைச் செய்கிறது, முன்கதவு அந்தப் பின்கதவோடு பூட்டிக்கொள்கிறது. பந்தயக் காரில் கதவை வெறும் ஓடாக மாற்றுபவர்கள், அதற்கு முன்னரே உள்ளே உருக்குக் கூண்டு கட்டி, கதவின் நீளத்துக்குக் குழாய்களையும் ஓடவிட்டிருப்பார்கள். அந்தக் கூண்டு இல்லாமல் கதவை மட்டும் கொண்டுவந்து, பஸ்ஸும் டிப்பரும் ஓடும் காங்கேசன்துறை வீதிக்குரிய காரில் பூட்டியிருக்கிறார்கள்.

இனி, பணம். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி, பொருள் எந்தத் தேவைக்கு என்பதை வாங்குபவர் தெரியப்படுத்தி, விற்பவரின் தொழில் அறிவை நம்பி, அவர் வழமையாக விற்கும் பொருளை வாங்கும்போது, அது அந்தத் தேவைக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எழுதப்படாமலே ஒப்பந்தத்தில் அடங்கும். இலக்கத் தகட்டுடன் வீதியில் ஓடிவந்த காரைப் பொறுப்பேற்று, தானே கதவைப் பூட்டி, வீதியில் ஓடிப்போக விட்ட கராஜ், தேவை தனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. கண்ணாடி நார்க் கதவைக் காபன் ஃபைபர் என்று விற்றதும், "கொம்பனிக் கதவைவிட ஸ்ட்ரோங்" என்று எழுதியதும் வேறொரு சட்டத்தையும் தொடுகின்றன: 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம், 31 ஆம் பிரிவுகள் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதையும் பொய்யான விபரம் கூறுவதையும் தடைசெய்கின்றன.

பில்லின் அடியிலுள்ள வரி உங்களைப் பயமுறுத்தியிருப்பது தெரிகிறது. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இத்தகைய வரிகளுக்கு எல்லை வகுப்பதற்காகவே இயற்றப்பட்டது. கவனயீனத்தால் ஏற்படும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உள்ள பொறுப்பை ஓர் அச்சு வரியால் கழற்றிவிட முடியாது. மேலும், பந்தயத் திடலுக்கு மட்டும் உரியது என்று தெரிந்திருந்தும் வீதிக் காரில் பூட்டினார்கள் என்பதற்கு அந்த வரியே அவர்கள் கையால் தந்த சான்று. என் பார்வையில் அது உங்களுக்குத்தான் உதவும். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

மேற்சொன்ன அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின் கீழ், உத்தரவாதத்துக்கு அமையாத பொருள் பற்றி எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். விசாரணையின் பின்னர் நட்டஈடு வழங்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ அதிகார சபை கட்டளையிடலாம். ஆனால் விற்பனையிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். கார் கைக்கு வந்த 29 ஆம் திகதியை எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம். பணம் கொடுத்த ஜனவரி 20 இலிருந்தே கணக்கிடுங்கள். அப்படியானால் ஏப்ரல் 20 கடைசி நாள், இடையில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் வருகிறது. விடுமுறைக்கு முன்னர் அதிகார சபையின் யாழ்ப்பாண மாவட்ட அலுவலகத்தில் நேரில் கையளித்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

அந்த வழி தவறினாலும் நீதிமன்றம் மூடிவிடாது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டுகளும், எழுத்திலான ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகளும் உண்டு. உங்களிடம் இருப்பது ஒரு பில் மட்டும் என்பதால் மூன்று என்றே எண்ணிக்கொள்ளுங்கள். தொகையைப் பொறுத்து முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியும் வரலாம். எதற்கும் முன்னோடியாக, பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பப்பட வேண்டும்.

காப்புறுதி நிறுவனத்துக்கு இந்த வாரமே எழுத்தில் அறிவியுங்கள். காப்புறுதி முழுநம்பிக்கையின் மீது நிற்கும் ஒப்பந்தம். கதவுக்குள் இருந்த உருக்குச் சட்டத்தை அகற்றியது போன்ற மாற்றத்தை மறைத்தால், உங்கள் சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையை அவர்கள் நிராகரிக்க இடமுண்டு. கதவு ஒன்றுக்கு 19 கிலோ குறைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நிறையோ நிறமோ பதிவு விபரத்திலிருந்து மாறியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

உங்கள் தங்கையைப் பற்றியும் எழுதாமல் விட முடியவில்லை. கதவுக்குள் என்ன இல்லை என்பது மார்ச் மாதத்துக்குப் பிறகு உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அவரை ஏற்றிச்சென்று விபத்து நேர்ந்தால், கராஜுடன் சேர்ந்து நீங்களும் கவனயீனத்துக்குப் பொறுப்பாளியாவீர்கள்; 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அந்தப் பொறுப்பைக் கூட்டுத் தவறாளர்களிடையே பங்கிட வழிசெய்கிறது. உயிர் போனால், கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் பற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவும் எழும்.

உடைந்த கதவைத் "திருத்தித் தருகிறோம்" என்று கேட்டாலும் கராஜிடம் கொடுக்க வேண்டாம். உடைந்த விளிம்பின் அருகே அடிமட்டம் வைத்து மீண்டும் படம் எடுங்கள். இயந்திரப் பொறியியலாளர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை பெறுங்கள். பழைய கதவுகள் கராஜின் பின்வளவில் தகரக் கூரைக்குக் கீழே கிடப்பதாகச் சொல்கிறீர்கள். அவற்றை நீங்கள் விற்கவில்லை, ஆகவே அவை இன்றும் உங்கள் உடைமை. கோரிக்கைக் கடிதத்தின் முதற் பந்தியிலேயே அவற்றைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். கண்ணாடி, மோட்டர், வயர் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கையொப்பமிட்டு எடுத்து, வேறொரு கராஜில் பூட்டிய பிறகு காரை வீதிக்கு இறக்குங்கள்.