“உன்னை ஆசாரியனுக்குக் காண்பி”: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சுகமளிக்கும் கூட்டத்தில் ஒரு ஊழியர், “‘தழும்புகளால் குணமானீர்கள்’ என்று எழுதியிருக்கிறது. அது முடிந்துபோன காரியம். இனி ஊசி போட்டால் அவிசுவாசம்” என்றார். அம்மா இன்சுலினை நிறுத்தப்போவதாகச் சொல்கிறார். ஊழியரின் பேச்சைச் சோதிப்பதே பாவம் என்றும் பயப்படுகிறார்.
– வாசகி, நாசரேத்

பதில்: அம்மா இன்றைக்குப் போடவேண்டிய ஊசியை இன்றைக்கே போடட்டும். வசன ஆராய்ச்சியை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம். டைப் 1 சர்க்கரை நோய் என்றால், இன்சுலினை நிறுத்திய ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். தீராத தாகம், வாந்தி, மூச்சில் பழவாடை, வேகமான மூச்சு என்று தொடங்கி மயக்கத்தில் போய் முடியும். டைப் 2 என்றால் கெடுதல் மெதுவாக வரும். “நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லையே” என்ற சாட்சிகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் பிறப்பவை.

இனி, சோதிப்பது பாவமா? பெரோயா பட்டணத்தார், “காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும்” வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள் (அப். 17:11). அவர்கள் சோதித்தது பவுலின் பிரசங்கத்தை. அதற்காக லூக்கா அவர்களுக்குக் கொடுத்த பெயர் ‘நற்குணசாலிகள்’. பவுலுக்கே விலக்கு இல்லாதபோது கன்வென்ஷன் மேடைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

ஊழியர் காட்டிய வசனம் 1 பேதுரு 2:24. அம்மாவோடு உட்கார்ந்து 1 பேதுரு 2:18 முதல் 25 வரை சத்தமாக வாசியுங்கள். முரட்டு எஜமானிடம் அநியாயமாய்ப் பாடுபடும் வேலைக்காரருக்கு எழுதிய பகுதி அது. 24-ஆம் வசனத்தின் முதல் பாதி பாவங்களைச் சிலுவையின்மேல் சுமந்ததைப் பேசுகிறது. 25-ஆம் வசனம் சிதறுண்ட ஆடுகள் மேய்ப்பரிடம் திரும்பியதைப் பேசுகிறது. ஆகவே ‘குணமானீர்கள்’ என்பது இங்கே பாவத்திலிருந்து மீண்டதையே குறிக்கிறது. நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும்: பேதுரு எடுத்தாளும் அந்தத் தழும்பு வசனம் ஏசாயா 53-ல் உள்ளது; மத்தேயு 8:17 அந்த அதிகாரத்தைச் சரீர வியாதிக்குத்தான் பொருத்துகிறது. எனவே சுகத்துக்காக ஜெபிப்பது முற்றிலும் வேதத்துக்கு உட்பட்டது. மருந்தை விடவேண்டும் என்பதுதான் எந்த வசனத்திலும் இல்லாத ஒட்டு.

தழும்புகளைப் பற்றிச் சொன்ன ஏசாயாவே எசேக்கியா ராஜாவிடம் என்ன செய்தார் என்று பாருங்கள். “உன்னைக் குணமாக்குவேன்” என்ற வாக்குத்தத்தம் முதலில் வந்தது. கூடவே 15 வருஷ ஆயுளும். அதற்குப் பிறகுதான் அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார் (2 இராஜா. 20:5-7). வாக்குத்தத்தம் கையில் இருந்தும் பற்றுப் போட்டார்கள். பவுலும் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சொல்கிறார். இன்னொரு உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதியோடே மிலேத்துவில் விட்டுவருகிறார். இருவரில் யாரையும் அவிசுவாசி என்று அவர் எழுதவில்லை.

கேள்வி: மூன்று நாள் உபவாச ஜெபத்துக்குப் பின் என் சர்க்கரை அளவு நார்மலுக்கு வந்துவிட்டது. சபையில் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். சொல்லலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். அந்த ஒரு அளவு உபவாசத்தைக் காட்டுமே தவிர, நோய் போனதைக் காட்டாது. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் 70-க்குக் கீழே போய், வியர்வை, கை நடுக்கம், தடுமாற்றம் வரும். அப்படி வந்தால் உபவாசத்தை முறித்து உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் குடிக்கவேண்டும். அடுத்தமுறை உபவாசத்துக்கு முன்பே அளவை மாற்றுவது பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சுகத்தை எப்படி உறுதிசெய்வது என்று இயேசுவே காட்டியிருக்கிறார். குஷ்டரோகியைத் தொட்டுச் சுத்தமாக்கிய கையோடு, ‘ஒருவருக்கும் சொல்லாதே, போய் உன்னை ஆசாரியனுக்குக் காண்பி’ என்று அனுப்பினார் (மாற்கு 1:44). குஷ்டம் போனதா என்று சோதித்துச் சொல்லவேண்டியவர் அந்நாளில் ஆசாரியன்தான். லேவியராகமம் 13, 14 அதிகாரங்களைப் படித்தால் அந்தப் பரிசோதனையின் கண்டிப்பு தெரியும். சந்தேகமான தழும்பென்றால் 7 நாள் அடைத்துவைத்துப் பார்ப்பது, தேவையானால் இன்னும் 7 நாள். குணமானவனும் சிரைத்துக் குளித்த பிறகு 7 நாள் கூடாரத்துக்கு வெளியே தங்கி, எட்டாம் நாள்தான் பலியோடு வரவேண்டும். அற்புதம் செய்தவரே இந்த வரிசையை மீறச் சொல்லவில்லை.

உங்கள் விஷயத்தில் ‘ஆசாரியன்’ யார்? ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும், பழைய ரிப்போர்ட்டுகளோடு அதை ஒப்பிடும் உங்கள் டாக்டரும்தான். உண்மையாகவே குறைந்திருந்தால் மருந்தைப் படிப்படியாகக் குறைப்பவர் அவரே.

மற்ற நோய்களிலும் ஏமாறும் இடங்கள் உண்டு. காசநோயில் சில வாரங்களிலேயே இருமல் அடங்கிவிடும். ஆனால் வழக்கமான மருந்து 6 மாதம். நடுவில் விட்டால் மருந்துக்கு மசியாத கிருமி மிஞ்சும். எச்ஐவி உள்ளவருக்கு ‘வைரஸ் கண்டறியப்படவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால், கூட்டு மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். வைரஸ் உடலில் பதுங்கித்தான் இருக்கிறது. மருந்தை விட்டால் திரும்பும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே உலை வைக்கும். பொதுவாக 2 வருஷமாவது வலிப்பே வராமல் இருந்தால்தான், பல மாதங்களில் மெல்லக் குறைப்பதைப் பற்றி டாக்டர்கள் யோசிப்பார்கள்.

பிரான்சில் கத்தோலிக்கர் சுகம் தேடிப் போகும் திருத்தலமான லூர்து நகரை இங்கே சொன்னால் சில வாசகர்கள் முகம் சுளிக்கலாம். முறையை மட்டுமாவது பாருங்கள். அங்கே 1883 முதல் ஒரு மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. நோய் கடுமையானதா, முன்பே உறுதியானதா, சுகம் திடீரென்று முழுமையாக வந்து நிலைத்ததா, எடுத்த சிகிச்சையே காரணமாக இருக்குமா என்று வருஷக்கணக்கில் தோண்டுகிறார்கள். குணமானதாகப் பதிவானவர்கள் 7,000-க்கு மேல்; அற்புதம் என்று சபை ஏற்றது எழுபதைச் சற்றே தாண்டும். நம் மேடைகளில் ஒரே இரவில் அத்தனை எண்ணிவிடுகிறார்கள்.

கேள்வி: பெயர், தெரு, நோய் எல்லாவற்றையும் ஒரு ஊழியர் புட்டுப்புட்டு வைக்கிறார். இது தேவனால் அல்லாமல் முடியுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முடியும். 1986-ல் அமெரிக்காவில் பீட்டர் போபாஃப் என்ற சுகமளிக்கும் பிரசங்கியார் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஜேம்ஸ் ராண்டி என்ற மந்திரவித்தைக்காரரின் குழுவினர் வானொலி அலைவாங்கியோடு கூட்டத்துக்குப் போய், 39.17 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெண் குரலைப் பிடித்தார்கள். பிரசங்கியாரின் மனைவி, ஜனங்கள் நிரப்பிக் கொடுத்த ஜெப அட்டைகளைப் பார்த்து, அவர் காதிலிருந்த சின்னக் கருவிக்கு வாசித்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அட்டைகூட வேண்டாம். முன்பதிவுப் படிவமும் உங்கள் ஃபேஸ்புக் பக்கமும் போதும்.

எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் சொன்னது சரியாக இருப்பது மட்டும் அளவுகோல் ஆகாது. அடையாளம் பலித்தாலும் போதனை தவறென்றால் கேளாதே என்கிறது உபாகமம் 13.

கேள்வி: ‘அபிஷேக எண்ணெய்’ பாட்டில் விலைக்கு வாங்கிப் பூசலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். யாக்கோபு 5:14-ல் வியாதிக்காரன் சபை மூப்பரை வரவழைக்கிறான். அவர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்கிறார்கள். நடையும் செலவும் மூப்பருடையது. எண்ணெய் எதுவானாலும் சரி, வீட்டு நல்லெண்ணெயே போதும். குஷ்டம் நீங்கிய நாகமானின் காணிக்கையை எலிசா தீர்க்கதரிசி தொடவே இல்லை. பின்னால் ஓடி வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசிக்கு அந்தக் குஷ்டமே ஒட்டிக்கொண்டது என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மேலும், அற்புத சக்தி உள்ளதாகச் சொல்லும் பொருளால் சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு தீரும் என்று விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: சபையே ஜெபித்தும் அண்ணன் புற்றுநோயில் காலமானார். “அவருக்கு விசுவாசம் பத்தவில்லை” என்று துக்கவீட்டிலேயே சொன்னார்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சொன்னவர்கள் மத்தேயு 17-ஐ மறுபடி வாசிக்கட்டும். சந்திரரோக (வலிப்பு) பையனைச் சீஷர்களால் குணமாக்க முடியவில்லை. “உங்கள் அவிசுவாசத்தினாலேதான்” என்று இயேசு சொன்னது ஜெபித்தவர்களிடம், பையனிடம் அல்ல. திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு இறக்கியபோது அவர் கண்டது, சுமந்துவந்தவர்களின் விசுவாசத்தையும் சேர்த்து. பெதஸ்தாவில் 38 வருஷம் கிடந்தவனுக்கோ, குணமாக்கியவர் யாரென்றே தெரியாது (யோவான் 5:13). நோயாளியின் விசுவாசத்தைத் தராசில் வைத்துச் சாவுக்குக் காரணம் சொல்ல வேதத்தில் இடமில்லை.

அண்ணன் கீமோ எடுத்துக்கொண்டதும் விசுவாசக் குறைவல்ல. எசேக்கியா பற்றுப்போட்டுக்கொண்டதைப் போலத்தான். அடுத்தமுறை யாராவது அப்படிப் பேசினால் யோபு 2:13-ஐத் திறந்து காட்டுங்கள். யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள்மேல் யாருக்கும் புகார் இல்லை.