தொட்டியிலேயே எத்தனாலை அளக்க அகச்சிவப்பு சில்லு உதவுமா?

கேள்வி: நொதித்தல் தொட்டியில் எத்தனால் அளவைப் பார்க்க மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். முடிவு வருவதற்குள் தொட்டியின் நிலை மாறிவிடுகிறது. அகச்சிவப்பு சில்லு உணரியைத் தொட்டியோடு பொருத்தலாமா? தண்ணீர் இடைஞ்சல் செய்யாதா?

பதில்: செய்யும். ஆனால் உங்கள் விஷயத்தில் சமாளிக்கலாம். ஒரு பொருள் எந்த அலைநீள அகச்சிவப்பு ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் இந்தச் சில்லு அளக்கிறது. தண்ணீர் நடு அகச்சிவப்பு ஒளியைப் பரவலாக உறிஞ்சும், அதிலும் 6.1 மைக்ரான் அலைநீளத்துக்கு அருகே மிகக் கடுமையாக. புரதங்களின் முக்கியமான பட்டையும், அதாவது அவை ஒளியை உறிஞ்சும் அலைநீளப் பகுதியும், அங்கேதான் இருக்கிறது. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2022-இல் லேசர், அலைநடத்தி (ஒளியைத் திரவத்தை ஒட்டி நடத்திச் செல்லும் பாதை), உணரி மூன்றையும் ஒரே சில்லில் வைத்துப் புரத மாற்றத்தை நேரடியாகப் பின்தொடர்ந்தது. அருமையான வேலை. அதற்கும் சாதாரண நீரை விட்டு, அந்த இடத்தில் ஒளியைக் குறைவாக உறிஞ்சும் கனநீரைத்தான் பயன்படுத்தினார்கள். எத்தனாலின் பட்டை சுமார் 9.6 மைக்ரானில் இருக்கிறது. அங்கே தண்ணீரின் தடை குறைவு.

சில்லு சிறியதாக இருப்பது இங்கே பெரிய வசதி. அலைநடத்தியின் மேற்பரப்பிலிருந்து சில மைக்ரான் தூரமே ஒளி திரவத்துக்குள் எட்டுகிறது. அதனால் தண்ணீர் ஒளியை முழுவதும் விழுங்கிவிட முடியாது.

ஆனால் உங்களுக்கு வரப்போகும் தொல்லையும் இதே இடத்திலிருந்துதான். மேற்பரப்பை ஒட்டிய அந்த மெல்லிய அடுக்கை மட்டுமே சில்லு பார்க்கிறது. நொதித்தலில் எழும் கரியமில வாயுக் குமிழ் ஒன்று அதன் மேல் ஒட்டிக்கொண்டால், எத்தனால் திடீரென்று குறைந்ததுபோல் காட்டும். ஈஸ்ட் படலம் படிந்தால் அளவு மெல்ல மெல்ல விலகும். ஆகவே தொட்டிக்குள் நேராக நுழைக்காதீர்கள். பக்கக் குழாய் ஒன்றில், திரவம் வேகமாக உரசி ஓடும் இடத்தில் வையுங்கள்.

அப்புறம் சர்க்கரை. குளுக்கோஸின் பட்டைகளும் எத்தனாலுக்கு வெகு அருகே விழுகின்றன. ஒரே அலைநீளத்தில் அளக்கும் சில்லு இரண்டையும் குழப்பிவிடும். குறைந்தது இரண்டு மூன்று அலைநீளங்களும், வெப்பநிலைத் திருத்தமும் வேண்டும். வெப்பம் மாறினால் லேசரின் அலைநீளமும் நகரும், தண்ணீரின் உறிஞ்சலும் மாறும்.

வாங்குமுன் 121 டிகிரி நீராவிக் கிருமிநீக்கத்தைச் சில்லும் அதன் ஒட்டுகளும் தாங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் நொதித்திரவத்திலேயே, அளவு தெரிந்த எத்தனாலைக் கூட்டிக்கூட்டிச் சேர்த்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். சில்லின் குறியை எத்தனால் அளவாக மாற்றும் அளவீட்டுக் கோட்டை வெறும் தண்ணீரில் எடுத்திருந்தால் அது உங்களுக்குப் பயன்படாது.

சில்லு வந்த பிறகும் சில தொகுதிகளுக்கு ஆய்வக மாதிரியை நிறுத்த வேண்டாம். ஆய்வக அளவிலிருந்து சில்லின் அளவு ஒரே பக்கமாக விலகிக்கொண்டே போனால், முதலில் மேற்பரப்பைக் கழுவிப் பாருங்கள்.