வீட்டை வாடகைக்கு விட்டு வெளிநாடு செல்பவருக்கு

கேள்வி: மகளுடன் வாழக் கனடா செல்லவிருக்கிறேன். பரந்தனிலுள்ள என் வீட்டை வாடகைக்கு விட்டால் இலங்கையில் வரி உண்டா? ஒப்பந்தம் எப்படி எழுத வேண்டும்? – வாசகர், கிளிநொச்சி

பதில்: முதலில் காணியின் தன்மையைப் பாருங்கள். வன்னியில், குறிப்பாகக் குடியேற்றத் திட்டங்களில், பல வீடுகள் உறுதிக் காணியில் (உரிமையாளர் பெயரில் உறுதிப்பத்திரம் உள்ள காணியில்) அல்லாமல், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தின் பேரில் வழங்கப்பட்ட அரச காணியில் நிற்கின்றன; உங்களுடையதும் அவ்வாறாயின், வாடகை பேசுவதற்கு முன்னரே பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

உறுதிக் காணியாயின், ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சோடு விடுவது நம்மவரின் பழைய பழக்கம். ஆனால் பத்தாண்டு கடந்த ஆட்சியுரிமை வழக்குகளில், அதாவது நீண்டகாலம் குடியிருந்ததைக் காட்டிக் காணிக்கு உரிமை கோரும் வழக்குகளில், குடியிருந்தவர் உங்கள் அனுமதியுடனேயே இருந்தார் என்பதற்கு அந்த எழுத்தே சான்றாகும். வாடகை வாங்கவும் திருத்தவேலை பார்க்கவும் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்துச் செல்லுங்கள். வீட்டை விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள்.

வரியைப் பொறுத்தவரை, ஆண்டில் 183 நாட்களுக்குக் குறைவாகத் தங்கி வதிவற்றவரானாலும், இவ்வீட்டு வாடகை இலங்கையில் எழும் வருமானமே; ஆகவே இங்கு வரிக்கு உட்பட்டது. வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. வருமான வரி விவரத்திரட்டை அதன்பின் வரும் நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் ஒப்படைக்க வேண்டும். கனடாவில் வதிவாளரானபின் அங்கும் இவ்வருமானத்தைக் காட்ட வேண்டியிருக்கும். இரு நாடுகளுக்குமிடையே இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை இருப்பதால், இங்கு கட்டிய வரியின் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.