அப்பா, அம்மா, பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: "தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்று வீட்டில் எத்தனை முறை சொன்னாலும் யாராவது தொட்டுவிடுகிறார்கள். பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மண்டையில் ஏறும்படி எப்படிச் சொல்வது?"

அந்த அறிவுரையிலேயே கோளாறு இருக்கிறது. லிங்க் என்பதே தொடுவதற்குத்தானே? பார்சல் வந்தால் லிங்க், பள்ளிக்கூடத்திலிருந்து லிங்க், டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கினாலும் லிங்க். நாளுக்கு இருபது லிங்க் தொடுகிறவர் இருபதையும் சோதித்துக்கொண்டிருக்க மாட்டார். அசதியாகவோ அவசரமாகவோ இருக்கும் அந்த ஒரு தடவைக்காகத்தான் மோசடிக்காரன் காத்திருக்கிறான். அதனால் உழைப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள்: பாதி, ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பதற்கு, மீதி, ஏமாந்தாலும் நஷ்டம் சின்னதாக இருக்கும்படி கணக்குகளைப் பூட்டி வைப்பதற்கு. இரண்டாவதை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுத்துவிடலாம்.

அந்த ஒரு பழக்கம்: "பேச்சைத் தொடங்கியது யார்?" என்று கேட்டுப் பார்ப்பது. வங்கி, போலீஸ், கூரியர், தூரத்து மாமா, யார் பெயரில் வந்தாலும் சரி, அவர்களாகத் தொடங்கிய பேச்சில் பணமோ ஓடிபியோ பாஸ்வேர்டோ வந்துவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அப்புறம் நம் வழியில் நாம் போக வேண்டும்: கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண், போனில் ஏற்கெனவே இருக்கும் ஆப், முன்பே சேமித்து வைத்த மாமாவின் நம்பர். திரையில் வரும் பெயரும் எண்ணும் போலியாக இருக்கலாம், குரலைக்கூட இப்போது நகலெடுத்துவிடுகிறார்கள். ஆனால் நாமே எண்ணை அழுத்திக் கூப்பிட்டால் அந்த வேஷம் கலைந்துவிடும். குரல் போலிக்கு இன்னொரு மருந்து, குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல். பிறந்த நாள், நாய்க்குட்டியின் பெயர் போன்றவை வேண்டாம், அதெல்லாம் ஃபேஸ்புக்கில் ஏற்கெனவே கிடக்கும்.

பெரியவர்களுக்கு இதை விளக்கினால் மட்டும் போதாது, வாய்விட்டுச் சொல்லிப் பழக்க வேண்டும். மரியாதைக்குப் பயந்தே பலர் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "பையனைக் கேட்டுட்டு நானே கூப்பிடுறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். இரண்டு மூன்று தடவை நீங்களே திருடனாக நடித்து, அவர்களை அதைச் சொல்லவையுங்கள். "யாரிடமும் சொல்லாதீர்கள், லைனிலேயே இருங்கள்" என்று எதிர்முனை சொன்னால் அது மோசடிதான், மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

ஓடிபி மெசேஜை முழுதாக வாசிக்கவும் பழக்குங்கள். எண் மட்டும்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அது எதற்கான எண், எவ்வளவு தொகை, யாருக்குப் போகிறது என்று பெரும்பாலும் அதே மெசேஜில் எழுதியிருக்கும். "பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், எண்ணைச் சொல்லுங்கள்" என்பவனின் பொய் அங்கேயே உடைந்துவிடும்.

இணைய முகவரியை வாசிப்பது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு மாதிரி வந்துவிடும். 'எச்டிடிபிஎஸ்' முடிந்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை மட்டும் எடுத்துக்கொண்டு, வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். 'நம்மவங்கி.காம்.கணக்கு-சரிபார்ப்பு.நெட்/உள்நுழைவு' என்றால், அந்தத் தளம் 'கணக்கு-சரிபார்ப்பு.நெட்' என்பதை வாங்கியவனுடையது. முன்னால் இருக்கும் வங்கிப் பெயர் வெறும் அலங்காரம், யாரும் எழுதிக்கொள்ளலாம். பூட்டுச் சின்னத்தை நம்பும் பழைய பாடத்தை மறக்கச் சொல்லுங்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். மறுமுனையில் இருப்பவன் நல்லவனா என்று அது சொல்லாது. இந்தக் குழப்பத்தால்தான் குரோம் 2023-இல் அந்தச் சின்னத்தையே மாற்றியது.

இனி பூட்டும் வேலை. முதலில் மெயில் கணக்கு, வங்கி ஆப்கூட அதற்கப்புறம்தான். மற்ற கணக்குகளில் பாதிக்கு மேல் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால் லிங்க் வந்து விழுவது அந்த மெயிலில்தான். அது போனால் கொத்துச்சாவியே போன மாதிரி. வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான பாஸ்வேர்டு ஒன்று அதற்கு வேண்டும். சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வரிசையாக அடித்தால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். பாட்டு வரியோ பழமொழியோ கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் பழைய விதியையும் விட்டுவிடலாம். அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017-லேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் ஆட்கள் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குகிறார்கள், அவ்வளவுதான். கசிந்தது தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள்.

மீதிக் கணக்குகளுக்குப் பாஸ்வேர்டு மேனேஜர், அதாவது எல்லாப் பாஸ்வேர்டுகளையும் நினைவில் வைத்து நிரப்பித் தரும் ஆப். இதில் பலர் கவனிக்காத லாபம் ஒன்று உண்டு: அது முகவரியைப் பார்த்துத்தான் பாஸ்வேர்டை நிரப்பும். போலித் தளம் நம் கண்ணுக்கு அச்சு அசலாகத் தெரிந்தாலும் மேனேஜர் ஏமாறாது, சும்மா இருக்கும். "வழக்கமாகத் தானாக நிரம்புவது இன்று நிரம்பவில்லை என்றால் கையால் அடிக்காதே, என்னைக் கூப்பிடு" என்று சொல்லி வையுங்கள். பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதில் போனின் விரல்ரேகையோ திரைப்பூட்டோ கொண்டு நுழையும் முறை) அப்படித்தான், பதிவு செய்த தளத்தைத் தவிர வேறெங்கும் வேலை செய்யாது; கிடைக்கிற இடத்தில் அதையே போடுங்கள். மேனேஜர் பிடிபடாத பெரியவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனுக்கு உங்கள் பீரோவுக்குள் கை எட்டாது. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பதைவிட நோட்டுப் புத்தகம் ஆயிரம் மடங்கு மேல்.

இரண்டாவது பூட்டாக, 30 நொடிக்கு ஒருமுறை எண் மாற்றும் அத்தென்டிகேட்டர் ஆப், எஸ்எம்எஸ் ஓடிபியைவிட நல்லது. வேறொருவன் உங்களைப் போல நடித்து உங்கள் சிம்முக்கு நகல் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் அவனுக்குப் போகும், ஆப் போகாது. ஆனால் தளத்தையே போலியாக வைத்துக் கேட்டால், ஆப் எண்ணையும் நாமே அடித்துக் கொடுத்துவிடுவோம். இதைப் போடும்போது தளம் தரும் பேக்கப் கோடுகளை (ஆப் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் எண்கள்) காகிதத்தில் எழுதி எடுத்து வைக்காதவர்கள்தான், போன் தொலைந்த அன்று சொந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் இரண்டு இடம். செட்டிங்ஸில் இரண்டு-படிச் சரிபார்ப்பைப் போட்டு 6 இலக்க பின் வையுங்கள். இதை நீங்கள் வைக்காமல் விட்டு, கணக்கைப் பிடித்தவன் வைத்துவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டிவரும். மாதம் ஒருமுறை 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலைத் திறந்து, தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள். "ஓட்டுப் போட இந்த எண்ணை உள்ளிடுங்கள்" என்று வரும் லிங்க், பல நேரம் உங்கள் கணக்கை இன்னொருவன் கணினியோடு இணைக்கும் வேலைதான்.

மெசேஜில் வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு), அது கல்யாணப் பத்திரிகையே ஆனாலும், நிறுவக் கூடாது. அந்த ஆப் கேட்கும் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியையும், திரையைப் பார்த்து இயக்கவிடும் அக்செசிபிலிட்டி அனுமதியையும் கொடுத்துவிட்டால், ஓடிபியைப் பார்க்கவும் உங்களுக்குப் பதில் திரையைத் தொடவும் அதனால் முடியும். தூரத்திலிருந்தே இன்னொருவர் திரையைப் பார்த்து இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் நல்ல கருவிகள்தான். முன்பின் தெரியாதவன் போனில் சொல்லச் சொல்ல நிறுவினால் அதே ஆபத்து. அப்டேட்டைத் தள்ளிப்போடவும் வேண்டாம். 2017 மே மாதம், கணினிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னக்ரை என்ற நாச நிரல் பரவியபோது, அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது.

பிள்ளைகள் விஷயத்தில் நான் பெரிதாக நினைப்பது கண்காணிப்பு ஆப்பை அல்ல, திட்டு விழாது என்ற உறுதியை. அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுகிறவனின் முழுப் பலமும் "வீட்டில் தெரிந்தால்" என்ற பயம்தான். போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று தெரிந்த பிள்ளை வாயைத் திறக்காது. அப்படி நேர்ந்தால் பணம் கொடுக்கக் கூடாது (கொடுத்தால் மறுபடி கேட்பான்), உரையாடலை அழிக்கவும் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு ஆளை பிளாக் செய்துவிட்டுப் புகார் கொடுங்கள். 18 வயதுக்குள் எடுத்த படமென்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் போனைவிட்டு வெளியே போகாது. அதன் எண் ரேகை (கைரேகை போல அந்தப் படத்துக்கே உரிய ஓர் அடையாள எண்) மட்டும் போகும், சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

பணம் போய்விட்டால் வரிசை முக்கியம். முதல் போன் வங்கிக்கு, ஏனென்றால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்தினால்தான் உண்டு. அடுத்து, ஏதாவது ஆப் நிறுவியிருந்தால் அந்த போனின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். அப்புறம் புகார். மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் (மெயிலை வேறு முகவரிக்கு அனுப்புவது), ஃபில்டர் (வரும் மெயிலைத் தானாகப் பிரித்துக் கையாளும் விதி), மீட்பு எண் மூன்றையும் திறந்து பாருங்கள். வங்கி மெயில்களைத் தன் முகவரிக்குத் திருப்பிவிடும் ஒரு ஃபில்டரைத் திருடன் விட்டுப்போயிருந்தால், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அது சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும்.