நீராவிப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்காவின் பழைய ரயில் கம்பெனியான பென்சில்வேனியா ரயில்ரோடு பற்றியவை. சென்ற இதழில் அந்தக் கம்பெனியின் கே4எஸ் என்ஜின் படத்தை அட்டையில் போட்டதன் விளைவு. எனவே இந்த மாதம் முழுக்க அதற்கே.

நம்மூர் டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி. என்றால் பெயரிலேயே வேலை தெரிந்துவிடுகிறது. கே4எஸ், ஐ1எஸ், ஜிஜி1 என்பதெல்லாம் என்ன கணக்கு? – கரோல் பாக் வாசகர்

நம் முறையில் முதல் எழுத்து பாதையின் அகலம், இரண்டாவது எழுத்து வேலை. டபிள்யூ என்றால் அகலப்பாதை. பி (P) என்றால் பயணி ரயில், ஜி என்றால் சரக்கு. பென்சில்வேனியாவில் எழுத்துக்கும் வேலைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. எழுத்து சொல்வது சக்கர அமைப்பை மட்டுமே: முன்னால் சிறுசக்கரங்கள், நடுவில் இயக்கு சக்கரங்கள், பின்னால் சிறுசக்கரங்கள் எத்தனை என்ற கணக்கு. ஏ என்றால் 0-4-0, பி (B) 0-6-0, டி (D) 4-4-0, ஈ 4-4-2, ஜி 4-6-0, எச் 2-8-0, ஐ 2-10-0, கே 4-6-2, எல் 2-8-2, எம் 4-8-2. எழுத்துக்குப் பின்னால் வரும் எண், அந்தச் சக்கர அமைப்பில் அது எத்தனையாவது வடிவமைப்பு என்பது. ஆக, கே4 என்பது அவர்களுடைய நான்காவது 4-6-2 வடிவமைப்பு.

கடைசியில் வரும் சிறிய 'எஸ்' சூப்பர்ஹீட்டர் (நீராவியை மேலும் சூடாக்கும் அமைப்பு) உண்டு என்பதன் அடையாளம். சூப்பர்ஹீட்டர் இல்லாத என்ஜினே இனி இல்லை என்ற நிலை வந்ததும் அந்த எழுத்தைப் புதிய வகுப்புகளுக்குப் போடுவதை விட்டுவிட்டார்கள். 1923-ல் வந்த எம்1-க்கு எஸ் இல்லாததற்கு இதுதான் காரணம். சூப்பர்ஹீட்டர் இல்லாததால் அல்ல.

ஜிஜி1 நீராவி என்ஜினே அல்ல, மின்சார என்ஜின். ஆனால் பெயர் அதே இலக்கணப்படிதான் வந்தது. ஜி என்றால் 4-6-0 அல்லவா? இரண்டு ஜி-க்களை முதுகோடு முதுகு ஒட்டவைத்தால் 4-6-0 + 0-6-4. அதுதான் ஜிஜி.

எங்களைக் கேட்டால் இந்த முறை நம்முடையதைவிட ஒரு படி மேல். பெயரைப் படித்தவுடன் ஷெட்டில் எந்த இணைப்புத் தண்டு, எத்தனை ஆக்சில் என்று மனதில் வந்துவிடும். டபிள்யூ.எல். என்று சொன்னால் லேசான என்ஜின் என்பது புரியும். எத்தனை சக்கரம் என்பது புரியாது.

இழுவிசை சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். கே4எஸ்-க்குச் சரியாக வருகிறது. ஐ1எஸ்-க்கு மட்டும் 1,02,000 பவுண்டு வருகிறது. புத்தகங்களில் 90,000 என்றுதான் இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்? – ஆர்.கே.புரம் வாசகர்

உங்கள் பெருக்கலில் தப்பில்லை. 0.85 என்ற எண்தான் அங்கே பொருந்தாது.

மற்றவர்களுக்காகச் சூத்திரத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறோம். சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கப்படுத்துங்கள். அதை பிஸ்டன் ஓடும் நீளத்தாலும், சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற பாய்லர் அழுத்தத்தாலும், 0.85-ஆலும் பெருக்குங்கள். வந்ததை இயக்கு சக்கரத்தின் விட்டத்தால் வகுங்கள். இரட்டை சிலிண்டர் என்ஜினுக்கு இது போதும்.

கே4எஸ்: சிலிண்டர் 27 அங்குலம், ஓட்டம் 28, அழுத்தம் 205, சக்கரம் 80. 27-ன் வர்க்கம் 729. 28-ஆல் பெருக்கினால் 20,412. 205-ஆல் பெருக்கினால் 41,84,460. அதில் 85 சதவீதம் 35,56,791. எண்பதால் வகுத்தால் 44,460 பவுண்டு. நம் டபிள்யூ.பி.க்கு இதையே போட்டால் (20¼, 28, 210, சக்கரம் 67) சுமார் 30,600 வரும்.

இப்போது ஐ1எஸ்: சிலிண்டர் 30½, ஓட்டம் 32, அழுத்தம் 250, சக்கரம் 62. 0.85 போட்டால் நீங்கள் சொன்ன 1,02,027 வருகிறது. 0.75 போட்டுப் பாருங்கள்: 90,024. புத்தகத்து எண் இதுதான்.

ஏன் 0.75? சாதாரண என்ஜினில், வால்வ் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதை மாற்றும் ரிவர்ஸ் கம்பியை முழுக்க முன்னால் தள்ளினால், பிஸ்டன் தன் ஓட்டத்தில் பெரும்பகுதியைக் கடக்கும்வரை வால்வ் திறந்திருந்து நீராவி உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதனால் சராசரி அழுத்தம் பாய்லர் அழுத்தத்தில் 85 சதவீதம் என்று வைப்பது நியாயம். ஐ1எஸ்-ல் வேண்டுமென்றே வால்வை மாற்றி அமைத்தார்கள். முழுக்க முன்னால் தள்ளினாலும் பாதி ஓட்டத்திலேயே நீராவி நின்றுவிடும். மிச்சப் பாதிக்கு, உள்ளே வந்த நீராவி விரிந்தே தள்ள வேண்டும். சராசரி அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை ஈடுகட்டத்தான் அவ்வளவு பெரிய சிலிண்டரும் 250 பவுண்டு அழுத்தமும்.

லாபம் இரண்டு. மேடு ஏறும்போது டிரைவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் நீராவியை வீணடிக்க முடியாது. நிலக்கரியும் தண்ணீரும் மிச்சம். சக்கரத்தைத் திருப்பும் விசையும் ஒரு சுற்றுக்குள் அதிகம் ஏறி இறங்காது, ஆகவே வழுக்கல் குறைவு.

சங்கடம் ஒன்று உண்டு. என்ஜின் நிற்கும்போது இரண்டு பிஸ்டன்களும் பாதி ஓட்டத்தைத் தாண்டிய நிலையில் நின்றுவிட்டால், எந்தச் சிலிண்டருக்கும் நீராவி நுழைய வழியில்லை. பாய்லரிலிருந்து நீராவியை விடும் ரெகுலேட்டரைத் திறந்தாலும் அசையாது. இதற்காக வால்வில் சிறிய துணைத் துளைகள் வைத்தார்கள். அவை வழியே கசிந்து போகும் நீராவி மெதுவாக அழுத்தம் சேர்த்து வண்டியை அசைக்கும். வேகம் வந்த பிறகு அந்தச் சிறு துளைகளால் ஒன்றும் ஆகாது. மொத்தம் 598 ஐ1எஸ் கட்டினார்கள், 475 பால்ட்வின் தொழிற்சாலையில், மீதி கம்பெனியின் சொந்தப் பட்டறை இருந்த ஆல்டூனாவில். ஊழியர்கள் வைத்த பெயர் 'ஹிப்போ'. பார்த்தால் மறுக்கத் தோன்றாது.

கே4எஸ், எல்1எஸ் இரண்டுக்கும் ஒரே பாய்லர் என்பது உண்மையா? – லோதி ரோடு வாசகர்

உண்மை. 1914-ல் இரண்டும் ஒன்றாகவே வந்தன. சிலிண்டர் விட்டமும் அதே 27 அங்குலம்தான். சக்கரம்தான் வேறு: பயணி ரயிலுக்கான கே4எஸ்-க்கு 80 அங்குலம், சரக்குக்கான எல்1எஸ்-க்கு 62. மணிக்கு 100 கிலோமீட்டர் போக 80 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 261 முறை சுற்றினால் போதும். 62 அங்குலச் சக்கரம் 337 முறை சுற்ற வேண்டும். மறுபக்கம், அதே பாய்லரை வைத்து எல்1எஸ் 61,465 பவுண்டு இழுக்கும். 425 கே4எஸ், 574 எல்1எஸ் – ஏறக்குறைய ஆயிரம் என்ஜினுக்கு ஒரே பாய்லர் வரைபடம். உதிரி பாகம் வைக்கும் ஸ்டோர்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மருமகன் நியூஜெர்சியிலிருந்து ஒரு பழைய எச்.ஓ. மாடல் கொண்டுவந்தார். பெட்டியில் 'கே4' என்று இருக்கிறது. நிஜமாகவே கே4 தானா, எந்த வருடத்துத் தோற்றம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடும்போது விட்டுவிட்டு இழுக்கிறது. – மயூர் விஹார் வாசகர்

வெர்னியர் காலிப்பர் ஒன்று எடுங்கள். எச்.ஓ. அளவு 1:87. எனவே 80 அங்குலச் சக்கரம் 23.3 மில்லிமீட்டர் வர வேண்டும். வெளி விளிம்பைச் சேர்க்காமல், தண்டவாளத்தில் உட்காரும் பரப்பில் அளக்க வேண்டும். விளிம்புகள் ஒன்றோடொன்று இடிக்காமலிருக்க மாடல் செய்பவர்கள் சிறிது குறைப்பதுண்டு. 23 வந்தாலும் ஏற்கலாம். 21.3 வந்தால் அது 73 அங்குலச் சக்கரம். வேறு ஏதோ பொதுவான 4-6-2 மாடலுக்குப் பென்சில்வேனியா பெயரெழுதி விற்றிருக்கிறார்கள்.

அடுத்தது பாய்லரின் பின்பகுதி. டிரைவர் கூண்டுக்கு முன்னால் பாய்லர் உருண்டையாகவே போனால் அது கே4 அல்ல. மேல்பக்கம் தட்டையாகி, இரண்டு பக்கமும் தோள் தூக்கியது போல இருக்க வேண்டும். அதுதான் பெல்பேர் ஃபயர்பாக்ஸ். உள்ளே நெருப்புக்கு மேலிருக்கும் தகடும் தட்டை, வெளித் தகடும் தட்டை; இரண்டையும் பிணைக்கும் ஸ்டே கம்பிகள் இருபுறமும் செங்குத்தாக நிற்கும், இழுப்பு நேராக விழும். உருண்டைத் தகட்டில் கம்பி சாய்வாக நுழையும். பெல்பேரின் மூலைகளை மடக்கி அடிப்பது செலவு பிடித்த வேலை, எடையும் கூடும். அதனாலேயே அமெரிக்காவில் பெரும்பாலான கம்பெனிகள் அதைத் தொடவில்லை.

வருடத்துக்கு முகத்தைப் பாருங்கள். பயணி என்ஜின்களுக்கு எண் பலகை, கம்பெனிச் சின்னமான கீஸ்டோன் வடிவில், அதாவது வளைவின் உச்சியில் வைக்கும் ஆப்புக்கல் வடிவில் இருக்கும். சரக்கு என்ஜின்களுக்கு வட்டம். முகப்பு விளக்கு முன்பக்கம் இருந்து, மின்சாரத்துக்கான சிறு டர்போ ஜெனரேட்டர் பாய்லர் மேலே இருந்தால் பழைய தோற்றம். விளக்கு மேலே ஏறி, ஜெனரேட்டர் முன்முகத்துக்கு இறங்கி, அதன் கீழே ஒருவர் நிற்க மேடையும் இருந்தால் பிற்காலத் தோற்றம்; ஜெனரேட்டரைப் பழுதுபார்க்க ஒவ்வொரு தடவையும் பாய்லர் மேல் ஏற வேண்டியிருந்ததற்காகச் செய்த மாற்றம். அழகு கொஞ்சம் போனது உண்மை. முன்னால் பட்டை பட்டையான மாட்டுத் தடுப்பு இருந்தால் முந்தியது. ஒரே வார்ப்பு எஃகுத் தகடாக இருந்தால் பிந்தியது. நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றும் டெண்டர் வண்டியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நிஜத்திலேயே மாற்றி மாற்றி மாட்டினார்கள்.

விட்டுவிட்டு இழுப்பதற்கு: சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது எப்போதும் ஒரே இடத்தில் தடுமாறுகிறதா, அல்லது நினைத்தபோதா என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நினைத்தபோது என்றால் அழுக்கு. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் சக்கரங்களையும், மின்சாரம் எடுக்கும் தகடுகளையும் துடைத்தால் சரியாகும். டெல்லித் தூசிக்கு இது மாதம் ஒருமுறை வேலை. ஒரே இடத்தில் தடுமாறினால், இடது வலது சக்கரங்களின் கிராங்குகளுக்கு இடையே இருக்க வேண்டிய 90 பாகைக் கோணம் ஏதோ ஒரு ஆக்சிலில் நழுவியிருக்கிறது, அல்லது இணைப்புத் தண்டு வளைந்திருக்கிறது. தண்டுகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஆக்சிலாக ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணெய் ஊற்றி மறைக்கப் பார்க்காதீர்கள். அது கியரில் தூசியைப் பிடித்து இன்னொரு நோயைக் கொடுக்கும்.

டி1 (T1) என்ஜின் தோற்றுப்போனது ஏன்? – முனிர்க்கா வாசகர்

4-4-4-4. ஒரே விறைப்பான சட்டத்தில் இரண்டு ஜோடி சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் நான்கு சக்கரங்களை மட்டும் ஓட்டும். நோக்கம் நல்லது: சிலிண்டர் சிறிதாகி, முன்னும் பின்னும் அலையும் பிஸ்டன், தண்டுகளின் எடை குறைந்தால் அதிவேகத்தில் தண்டவாளத்தை அடிக்கும் அடி குறையும். ஆனால் இரண்டு தொகுதிகளுக்கும் இடையே இணைப்புத் தண்டு இல்லை. புறப்படும்போது என்ஜினின் எடை பின்னால் சாயும். முன் தொகுதி லேசாகி, தனியாகச் சுழல ஆரம்பிக்கும். சாதாரண என்ஜினில் எட்டுச் சக்கரமும் ஒன்றாகக் கட்டுண்டிருப்பதால் ஒரு ஜோடி வழுக்கினாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். இங்கே பிடிக்க ஆளில்லை. ரெகுலேட்டரோ ஒன்றுதான், வழுக்கலை நிறுத்த அதை மூடினால் நன்றாகப் பிடித்திருக்கும் பின் தொகுதியும் விசை இழக்கும்.

வழக்கமான பிஸ்டன் வால்வுக்குப் பதில், கார் என்ஜினில் இருப்பதுபோல மேலெழுந்து திறக்கும் ஃபிராங்க்ளின் பாப்பெட் வால்வு வைத்தது அடுத்த தலைவலி. ஓட்டத்துக்கு அருமை, ஆனால் அதன் இயக்கப் பெட்டி சட்டங்களுக்கு நடுவே கை நுழையாத இடத்தில் இருந்தது. பிறகு 5547 எண் என்ஜினுக்கு வழக்கமான பிஸ்டன் வால்வும், அதை ஓட்ட வெளியே தண்டுகள் உள்ள வால்ஷார்ட் இயக்கமும் மாட்டிப் பார்த்தார்கள். அதற்குள் டீசல் வந்துவிட்டது. கட்டியது 52, ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போது ஆர்வலர்கள் 5550 என்ற அடுத்த எண்ணில் புதிதாக ஒன்று கட்டி வருகிறார்கள்.

வடிவமைப்பே தவறு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பழகிய டிரைவரும், பொறுமையான ஷெட்டும், பத்து வருட அவகாசமும் கிடைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

அமெரிக்கா போனால் எங்கே பார்க்கலாம்? – ஜனக்புரி வாசகர்

ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள பென்சில்வேனியா ரயில் அருங்காட்சியகம்: கே4எஸ் 3750, எல்1எஸ் 520, எம்1 வகையில் மிஞ்சிய ஒரே என்ஜினான 6755, ஈ6எஸ் 460. மற்றொரு கே4எஸ் ஆன 1361, ஆல்டூனா ஊர்க்காரர்களின் சொத்து. 1957 முதல் 1985 வரை அந்த ஊருக்கு அருகே உள்ள ஹார்ஸ்ஷூ ரயில் வளைவில் வெயிலிலும் பனியிலும் நின்றது, 1987-ல் மீண்டும் ஓடியது. மிஞ்சிய ஒரே ஐ1எஸ் 4483 நியூயார்க் மாநிலத்தின் ஹாம்பர்க்கில். அங்கே போகும்வரை ஹரியானாவின் ரேவாரி ஷெட்டில் டபிள்யூ.பி. 7161 'அக்பர்' பக்கத்தில் நின்று பாருங்கள். அதன் சக்கரம் 5 அடி 7 அங்குலம். கே4எஸ் சக்கரம் அதற்கும் மேலே இன்னொரு அடியும் ஓர் அங்குலமும்.

1905-ல் 7002 எண் என்ஜின் மணிக்கு 127 மைல் போனதாமே? – கரோல் பாக், இன்னொரு வாசகர்

ஒஹையோவில் மூன்று மைலை 85 விநாடியில் கடந்ததாகச் சொன்னார்கள். கணக்குப் போட்டால் 127 மைல் வருகிறது. ஆனால் அதற்கென்று பொருத்திய அளவுக் கருவி எதுவும் ரயிலில் இல்லை. இரண்டு இடங்களில் குறித்த நேரத்தைக் கழித்துப் பார்த்ததுதான். சில விநாடி பிசகினாலே வேகம் பத்து மைல் இறங்கிவிடும். நாங்கள் நம்பவில்லை. இன்னொன்று: ஸ்ட்ராஸ்பர்க்கில் 7002 என்ற எண்ணோடு நிற்பது அந்த என்ஜினே அல்ல. அசல் 1934-ல் உடைபட்டது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக 8063 என்ற ஈ7எஸ் என்ஜினுக்கு அந்தப் பலகையை மாட்டினார்கள், இன்றுவரை கழற்றவில்லை.